எதிரிக்கு நீட்டிய கை

குனிந்து நீட்டிய கையில் கனம் விழுந்தது.

பெரிய கனம் ஒன்றுமில்லை. கீழே கிடப்பவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது தோள்மூட்டில் ஓர் இழுப்பு தெரியுமே, அந்த அளவுதான். ஆனால் கூடத்தில் யாரும் இல்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் வியர்வை நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு அப்போதே கிளம்பிப் போயிருந்தார்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே மாலை வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. டீச்சர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வயதாகிவிட்டது, தோள் தேய்ந்துவிட்டது, இனிமேல் காற்றுகூடக் கனக்கத்தான் செய்யும் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு விளக்கை அணைத்தாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் பணம் ஏற்றிப் போகும் வேனிலும் துப்பாக்கியோடு நிற்கிற காவலர்களுக்கு அவள் டீச்சர். கத்தியோடு ஒருவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பாடம். “தூரத்துல வர்றவனை எவன் வேணா சுடுவான். பக்கத்துல வந்தவன்கிட்டதான் துப்பாக்கி வச்சிருக்கிறவன் சாகுறான்” என்று ஒவ்வொரு வகுப்பையும் ஆரம்பிப்பாள். இடது கையால் அவன் மணிக்கட்டைத் தட்டிவிடு. பின்னால் போகாதே, பக்கவாட்டில் கால் வை. துப்பாக்கியை அவன் முகத்துக்கு நேரே நீட்டாதே, பிடுங்கிக்கொள்வான். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்தே சுடு. இதைச் சொல்வது சுலபம். உடம்பு தானாகச் செய்யவேண்டும் என்றால் ஆயிரம் தடவை செய்து பார்க்கவேண்டும். செய்து பார்க்க ஓர் எதிரி வேண்டும்.

எதிரியாக இருந்தவர் அவள் கணவர். பெயரே அதுவாகிவிட்டது. மாணவர்கள் எதிரி சார் என்பார்கள், மூலைக் கடைக்காரர்கூட எதிரி சாருக்குச் சர்க்கரை போடாத டீ என்பார். அந்த மனிதர் ஓர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார் என்பது வேறு விஷயம். வாசலை ஒட்டித் தரையில் மஞ்சள் ஒட்டுநாடாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அங்கிருந்து ரப்பர் கத்தியோடு பாய்ந்து வருவார். டீச்சர் குண்டில்லாத துப்பாக்கியை விலாவோடு அழுத்தி விசையை இழுப்பாள். டக். அவர் விழுவார், முதலில் முழங்கால், பிறகு தோள். உடனே டீச்சர் துப்பாக்கியை இடுப்பில் செருகிவிட்டுக் கையை நீட்டித் தூக்கிவிடுவாள். கீழே விழுந்த கத்தியை எடுத்துப் பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுப்பாள். “மறுபடியும்” என்பாள். அவர் மஞ்சள் குறிக்குத் திரும்பிப் போவார். இப்படியே வருஷக்கணக்காக, நாள் தவறாமல், அவளிடம் செத்துச் செத்துப் பிழைத்தார். கடைசியில் கத்தியும் இல்லாமல் துப்பாக்கியும் இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சு வலியில் போனார். அப்போதும் டீச்சர் குனிந்து கையை நீட்டினாள். அவர் எழவில்லை.

அதற்குப் பிறகு, வகுப்பு முடிந்ததும் அவள் தனியாகக் காற்றோடு பயிற்சி செய்தாள். உடம்பு மறந்துவிடக்கூடாது என்பது வெளியே சொன்ன காரணம். மாடிக்குப் போனால் ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர், ஒற்றைத் தலையணை என்பது உள்ளே இருந்த காரணம். எதிரே யாரும் வராத இடத்தில் மணிக்கட்டைத் தட்டி, கால் மாற்றி, டக் என்று இழுத்து, யாரும் விழாத இடத்தில் குனிந்து கையை நீட்டுவாள். அந்தக் கையில்தான் அன்றைக்குக் கனம் விழுந்தது.

“அண்ணி, சாப்பிட்டீங்களா?” என்று நாத்தனார் போன் செய்தாள். மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. தினமும் கடை சாத்தும் நேரத்தில் இந்தப் போன் வந்துவிடும்.

“ஆச்சு.”

“பொய். குரலே காட்டிக் கொடுக்குது. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. எங்க அண்ணன் இருந்தா இப்படித் தனியா கிடன்னு விட்டிருப்பாரா?”

“நான் தனியா இல்ல” என்று டீச்சர் சொன்னாள். சொன்ன பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள்.

மறுநாளும் கனம் விழுந்தது. அதற்கடுத்த நாள், முந்தினதைவிடக் கூடுதலாக. பயப்பட வேண்டிய பெண்தான், பயப்படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷப்பட்டாள். வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கேள்வி கேட்டு நேரத்தை வளர்க்கிற மாணவர்கள்மேல் எரிந்து விழுந்தாள், எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தலையை வாரிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவே நின்றாள். மஞ்சள் குறியின் பக்கம் ரப்பர் விரிப்பு லேசாக அமுங்கும். ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து, வேகமாக ஒரு நடை கிளம்பும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தில் காற்று மட்டும் வந்து மோதும். அவள் விசையை இழுப்பாள். விரிப்பில் தொப்பென்று முழங்கால், பிறகு தோள். “மெதுவா, மெதுவா எந்திரிங்க” என்று சொல்லிக் கையை நீட்டுவாள். அந்தக் கனத்தைத் தூக்கும்போது நெஞ்சுக்குள் எதுவோ இளகும். எத்தனையோ மாதங்களாக அவள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் அவளை லேசாக உறுத்தியது. எதிரி எப்போதும் வலித் தைலம் மணப்பார். இப்போது எழுகிறவரிடம் அந்த வாசனை இல்லை. மழையில் நனைந்த தார் ரோட்டின் வாசனையும் கூடவே கொஞ்சம் பெட்ரோல் வாசனையும் வந்தன. போன இடத்தில் தைலம் எங்கே கிடைக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பகல் வகுப்பில், புதிதாகச் சேர்ந்த ஒரு காவல்காரப் பெண் தடுமாறி விழுந்தாள். டீச்சர் பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டினாள். அந்தப் பெண்ணும் வலது கையைக் கொடுத்தாள். கட்டைவிரலும் கட்டைவிரலும் கோத்துக்கொண்டன. டீச்சர் பாதி தூக்கிய பெண்ணை அப்படியே கீழே விட்டுவிட்டாள்.

“டீச்சர்! என்ன டீச்சர், காலை வாரிட்டீங்க?” என்று அந்தப் பெண் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். டீச்சரின் உள்ளங்கை ஜில்லிட்டுப் போயிருந்தது. எதிரிக்கு வலது தோள் கெட்டுப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. விழுந்தால் இடது கையைத்தான் கொடுப்பார். இடது கை வந்து வலது கையைப் பிடித்தால் கட்டைவிரல் கோக்காது, விரல்களைச் சேர்த்துப் பக்கவாட்டில் பற்றும், அவ்வளவுதான். ஆனால் மாலைதோறும் அவளைப் பிடித்த கை கட்டைவிரல் கோத்துத்தான் பிடித்தது.

அது அவர் இல்லை.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டீச்சருக்குத் தெரியும். அவள் இளம் வயதில் பண வேனில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வங்கியின் பின்தெருவில், மழை விட்ட ஒரு மாலையில், கத்தியோடு ஒருவன் அவள்மேல் பாய்ந்தான். கைக்கெட்டும் தூரம். அவள் மணிக்கட்டைத் தட்டினாள், கால் மாற்றினாள், இடுப்பிலிருந்து சுட்டாள். விழுந்தான், முதலில் முழங்கால், பிறகு தோள். விழுந்தவன் வலது கையை மேலே தூக்கினான். அவன் சரணடைவதற்காகத் தூக்கவில்லை. ரோட்டில் வழுக்கி விழுந்தவன் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தூக்குவானே, அந்த மாதிரி. விழுந்தவன் பக்கத்தில் போகக்கூடாது என்பது விதி. அவள் போகவில்லை. துப்பாக்கியைக் குறிவைத்தபடி போலீஸ் வரும்வரை நின்றாள். போலீஸ் வர நேரமாயிற்று. அந்தக் கை இறங்கவும் நேரமாயிற்று.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. அதில் கிடைத்த பெயரை வைத்துத்தான் இந்தக் கூடம், இந்த வகுப்பு, இந்தச் சோறு எல்லாம். மஞ்சள் குறி அவன் கிளம்பிய தூரம். அவன் விழுந்த மாதிரியே விழக் கணவருக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தூக்கிவிடுகிற கையை மட்டும் அவள் தானாகச் சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு செத்தவனின் சாவை இத்தனை வருஷமாக நடித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் கைகொடுத்து எழுப்பி, “மறுபடியும்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தனிப் பயிற்சியை நிறுத்தினாள். வகுப்புக்கும் விடுமுறை சொல்லிவிட்டாள். மாடியிலேயே அடைந்து கிடந்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் அதையும் மீறிக் கீழேயிருந்து கேட்டது. ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து. பிறகு தொப்பென்று முழங்கால். பிறகு தோள். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் தாங்க முடியவில்லை. கீழே ஒரு கை மேலே தூக்கியபடி காத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் தூக்கிவிடாததால் அது எழுந்து திரும்பிப் போகவில்லை. ஆனால் மறுநாள் மாலை மறுபடியும் வாசலிலிருந்து நடை கிளம்பியது. அது எப்படி எழுந்து போயிற்று என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. பகல் முழுக்கவே அந்தி மாதிரி இருந்தது. டீச்சர் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“உன் வீட்டுல அந்த ரூம் இன்னும் சும்மாதான் கிடக்கா?”

“அண்ணி! நிஜமாவா? இருங்க, மழையில நீங்க வராதீங்க. கடையைச் சாத்திட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். என்கிட்டதான் ஒரு சாவி இருக்கே.”

“வேணாம், நானே வந்துடுறேன். நீ உள்ள வராத.”

மழைச் சத்தத்தில் அதைக் கேட்டாளோ இல்லையோ, “சரி சரி, பையைக் கட்டி வையுங்க” என்று நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்கு முன்னால் வெளியே போய்விட வேண்டும். அது ஒன்றுதான் டீச்சரின் எண்ணமாக இருந்தது. மாடிப்படி கூடத்துக்குள்தான் இறங்கியது, கூடத்தைத் தாண்டித்தான் வாசல். விளக்கு சுவிட்சும் வாசலை ஒட்டித்தான் இருந்தது. வீடு கட்டியவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பீரோவைத் திறந்து, பயிற்சித் துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு, லைசென்ஸ் துப்பாக்கியை எடுத்துக் குண்டு போட்டாள். கை நடுங்கவில்லை. அந்தக் கை இந்த வேலையில் என்றைக்கும் நடுங்கியதில்லை. இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கூடத்தில் மழையின் சாம்பல் வெளிச்சம், ஜன்னலோரம் மட்டும் கொஞ்சம் தேங்கி, நடுவில் வருவதற்குள் தீர்ந்துபோயிருந்தது. ரப்பர் விரிப்பின் நாற்றம் இல்லை. எங்கும் நனைந்த தாரின் வாசனை. சுவரில் மாட்டியிருந்த ரப்பர் கத்திகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. காலைத் தூக்கி வைக்கும்போது விரிப்பு ஈரமாக ஒட்டி, பிரியும்போது ஒரு சத்தம் போட்டது. பாதித் தூரம் வந்திருப்பாள். வாசலோரத்து இருட்டில், மஞ்சள் குறியின் மேல், இருட்டைவிடக் கூடுதலாக ஒரு கறுப்பு நின்றது. ஆள் உயரம்.

“வழி விடு” என்றாள். குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது. “நான் போறேன். இனிமே கூப்பிட மாட்டேன்.”

அது கிளம்பியது.

ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து. இந்தத் தடவை கையில் கத்தி தெரிந்தது. ரப்பர் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதன் விளிம்பில் ஓடியது. பையைக் கீழே விட்டாள். மணிக்கட்டைத் தட்டினாள். தட்டியது எலும்பில் பட்டது. கால் மாற்றினாள். முழங்கை விலாவில். சுட்டாள். கூடம் முழுவதும் வெடித்தது. காது அடைத்துப்போய், வெடிமருந்துக் கரிப்பு மூக்கில் ஏறியது. விழுந்தான். முழங்கால். தோள்.

வாசலுக்கு இப்போது தடை இல்லை. தாண்டிப் போனால் போதும். ஓடு என்று நினைத்தாள்.

ஆனால் கை, துப்பாக்கியை இடுப்பில் செருகிவிட்டு, ஏற்கெனவே நீண்டிருந்தது.

அவள் நீட்டவில்லை. கை நீட்டியது. அதற்குத் தெரிந்தது அதுதான். கட்டைவிரல் வந்து கோத்தது. ஜில்லென்ற, தோல் கழன்று நழுவுகிற கை. இழுத்தாள். எழுந்தான். இன்னொரு கை குனிந்து கத்தியை எடுத்தது. பிடியை அவன் பக்கம் திருப்பியது. கொடுத்தது. நாக்கு புரண்டது.

“மறுபடியும்.”

அவள் குரல்தான். அவன் மஞ்சள் குறிக்குப் போனான். திரும்பினான்.

வந்தான். சுட்டாள். முழங்கால். தோள். கை. “மறுபடியும்.” வந்தான். சுட்டாள். இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். இரண்டு கையும் சேர்ந்து நீண்டன. அழுதாள். அழுதுகொண்டே தூக்கிவிட்டாள். “மறுபடியும்.” வந்தான். விசையை இழுத்தாள்.

டக்.

குண்டு தீர்ந்துவிட்டது. அவன் விழவில்லை.

முகத்துக்கு முகம் நின்றான். மூச்சு இல்லை. மழை வாசனை மட்டும். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். கத்தியின் பிடியை அவள் பக்கம் திருப்பி இடது கையில் வைத்து மூடினான். மரியாதையாக. அவள் செய்வது போலவே. தோளைப் பிடித்து நடத்திப் போனான். மஞ்சள் குறியின் மேல் நிறுத்தி, உள்ளே பார்க்கத் திருப்பினான். அவன் நடுக்கூடத்துக்குப் போய் நின்றான். முழங்கையை விலாவோடு ஒட்டினான்.

எதற்கு என்று புரிந்தது. கதவு முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரம். திறந்துகொண்டு போகலாம். கால் கிளம்பியது. கதவுப் பக்கம் அல்ல. ஒரு கால் அழுந்தி. ஒரு கால் இழுத்து. வேகமாக.

டக்.

அவ்வளவுதான் சத்தம். முழங்கால் மடங்கியது. பிறகு தோள். கன்னத்தில் ஈரமான, சொரசொரப்பான ரோடு. வயிற்றில் வலி இல்லை, குளிர் மட்டும் பரவியது. எழ முடியவில்லை. யாராவது தூக்கிவிட்டால் எழலாம். கையை மேலே தூக்கினாள். வலது கை. அவன் குறிவைத்தபடி நின்றான். பக்கத்தில் வரவில்லை. அப்படியே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அன்றைக்கு அந்தக் கை காத்திருந்தது எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

“அண்ணி? எத்தனை தடவை போன் அடிக்கிறது? ஏன் இப்படி இருட்டுல...” போன் வெளிச்சம் கூடத்துக்குள் வந்து அலைந்தது. நடுக்கூடம் காலி. சுவர் காலி. அப்புறம் தரையில் கிடந்தவள்மேல் விழுந்தது. “ஐயோ! அண்ணி! விழுந்துட்டீங்களா?”

குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மருந்துக் கடை வாசனை. ஈரச் செருப்பு. உயிருள்ள மூச்சு. கிட்ட வராதே என்று டீச்சர் சொன்னாள். வாய் அசையவில்லை. கையைக் கீழே இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. கை கொடுக்காதே, அம்மா, கை கொடுக்காதே.

“எந்திரிங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான்தான் வந்துட்டேன்ல? என் கையைப் பிடிங்க.”

கட்டைவிரல் கோத்தது. என்ன சூடு அந்தக் கை.

டீச்சர் எழுந்தாள். சுலபமாக எழுந்தாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது, அதில் கத்தியின் பிடி இறுகியிருந்தது. நாத்தனாரின் கையை விட்டுவிட்டு, வாசலைப் பார்த்து மெல்ல நடந்தாள்.

“ஆமா, போயிடலாம் அண்ணி, முதல்ல இங்கேருந்து போயிடலாம். பையை நான் எடுத்துக்கிறேன்.” நாத்தனார் நடுக்கூடத்தில் குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து போன் வெளிச்சத்தை வாசல் பக்கம் காட்டினாள். “ஏன் நின்னுட்டீங்க? கதவு திறந்துதானே இருக்கு?”

மஞ்சள் குறியின் மேல் நின்று, டீச்சர் திரும்பினாள்.